லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தால் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுக்கணுமா?

கேள்வி: 24 நவம்பர் 2024

அண்ணே, கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். லேப்டாப்பின் ஹிஞ்ச் (திரையின் கீல்) உடைந்து திரை பாதி கறுத்துவிட்டது. இங்கே கொடுத்தால் மதுரைக்கு அனுப்பித்தான் சரிசெய்வார்களாம், பத்து நாள் ஆகுமாம். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி மேலேயே ஒட்டித் தரச் சொல்கிறார்கள். உள்ளே கல்யாணப் படங்கள், பிள்ளை பிறந்தபோது எடுத்தவை, வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பியவை, எல்லாருடைய பாஸ்போர்ட் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட் என்று எல்லாம் இருக்கிறது. "மதுரைக்காரனுக்கு உன் படத்தைப் பார்க்கிறதுதான் வேலையா" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். படங்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டுக் கொடுத்தால் போதுமா?

24 நவம்பர், இரவு

பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம். ஹிஞ்சுக்கும் திரைக்கும் அது எதற்கு? ஆன் செய்தால் கம்பெனி லோகோ தெரியும், லாகின் பக்கம் தெரியும். திரை சரியா இல்லையா என்று அதிலேயே பார்த்துவிடலாம். கேமரா, ஸ்பீக்கர் பார்க்க வேண்டுமென்றால் அவர்களிடமே உங்கள் விண்டோஸைத் தொடாமல் ஓடும் லினக்ஸ் பென்டிரைவ் இருக்கும், அதைப் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

முடிந்தால் டிஸ்கையே கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுங்கள். முடியாவிட்டால் நீங்கள் சொன்ன மாதிரி அழித்து, பின்னைக் காலி செய்துவிட்டுக் கொடுங்கள். போதும்.

25 நவம்பர், காலை

நேற்று எழுதியதில் அந்தக் கடைசி "போதும்" என்பதை அடித்துவிடுங்கள். 20ஆம் தேதி மழையில் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் தெரு குளமாகி, நாலு நாளாகக் கடையிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் எழுதியது.

அழித்தால் போதாது. ஃபைலை அழிக்கும்போது விண்டோஸ் அதன் பெயரையும் இருக்குமிடத்தையும்தான் பட்டியலிலிருந்து எடுக்கிறது. சரக்கு அங்கேயே கிடக்கும், அதன் மேல் வேறு ஒன்று எழுதப்படும் வரை. வீட்டு வாசலில் நம்பரை அழித்ததும் வீடு இடிந்தா போகும்? ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. பழைய சுழலும் டிஸ்கில் அதை ஓட்டினால் என்றைக்கோ அழித்த படமெல்லாம் வரிசையாக எழுந்து வரும். உங்களுடையது எஸ்எஸ்டி, அதாவது சுழலாத சில்லு டிஸ்க் என்றால் கதை கொஞ்சம் வேறு. டிரிம் என்ற ஏற்பாடு இருப்பதால் அழித்தவை பெரும்பாலும் சீக்கிரமே உண்மையாகப் போய்விடும். பெரும்பாலும்தான். அதை நம்பிக் கல்யாணப் படத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

இன்னொன்று. திரை பாதி கறுத்தாலும் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எச்டிஎம்ஐ கேபிளால் வீட்டு டிவியில் செருகுங்கள், முழுதாகத் தெரியும். முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். ரகசியம் கசிவது அப்புறம். டிஸ்கை ஃபார்மட் செய்து அனுப்பிவிட்டு "டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று ரசீதிலேயே போட்டிருக்கிறோமே" என்று கைவிரிப்பதுதான் நான் அதிகம் பார்த்தது.

25 நவம்பர், இரவு

"உன் படத்தைப் பார்க்கிறதுதான் வேலையா" என்று வீட்டில் சிரித்தார்கள் என்றீர்களே. அதற்குப் பதில் சொல்லணும்.

2010 வாக்கில் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். மேசைக்கு அடியில் ஒரு டெராபைட் டிஸ்க் இருந்தது. பெயர் "கலெக்‌ஷன்". மெமரி கார்டு கொண்டு வருபவர்களுக்குப் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுப்போம், கார்டுக்கு இருபது ரூபாய், முப்பது ரூபாய். பாட்டு எங்கிருந்து வந்தது? ரிப்பேருக்கு வந்த லேப்டாப்புகளிலிருந்துதான். எது வந்தாலும் முதல் வேலை, எம்பி3 என்று தேடி மொத்தமாக அள்ளுவது. அப்புறம் வீடியோ என்று தேடுவது. வீடியோ என்று தேடினால் சினிமா மட்டுமா வரும்? காதுகுத்து வரும், வளைகாப்பு வரும், வரக்கூடாததும் வரும். திருட்டு என்ற நினைப்பே எங்களில் ஒருவருக்கும் கிடையாது. டீ குடிப்பது போல அதுவும் ஒரு வேலை.

நான் நல்லவன், மற்றவர்கள்தான் பார்த்தார்கள் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொய். நானும் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மறக்கவில்லை. ஒருவர் கீபோர்டு மாற்றக் கொடுத்திருந்தார். வீடியோக்களில் ஒன்று அவருடைய அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுவது. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், யார் யார் தரணும் என்று மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொல்கிறார். பதினோரு நிமிடம். முழுக்கப் பார்த்தேன். அதில் வந்த பெயர்களில் ஒன்று எங்கள் தெருக்காரர். அவர் எவ்வளவு பாக்கி வைத்திருந்தார் என்பது இன்று வரை எனக்குத் தெரியும், அவருக்கு அது தெரியாது. லேப்டாப் வாங்க வந்தவர் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார். நான் நூறு குறைத்துக் கொடுத்தேன். ஏன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

அதனால் தங்கச்சி, படத்தை நினைத்து மட்டும் பயப்பட வேண்டாம். சிறிய ஊரில் கடன் கணக்கு, மெடிக்கல் ரிப்போர்ட், பெண் பார்க்க அனுப்பிய பயோடேட்டா எல்லாம் படத்தைவிட வேகமாகப் பரவும். இந்த வகையில் மதுரைக்குப் போவதே நல்லது என்று சில நேரம் தோன்றுகிறது. அங்கே இருப்பவனுக்கு உங்களை யாரென்று தெரியாது. இங்கே இருப்பவன் உங்கள் கொழுந்தனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவனாக இருப்பான்.

28 நவம்பர்

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு இரண்டு பேர் திட்டினார்கள். "எல்லா மெக்கானிக்கும் இப்படியா" என்று கேட்டார்கள். இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படி இல்லை. இதை நான் என் வாயால் சொன்னால் எடுபடாது, வேறு இடத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். ஆடியோ டிரைவரை, அதாவது சத்தம் வரவைக்கும் நிரலை, மட்டும் நிறுத்தி வைத்த லேப்டாப்புகளை 16 கடைகளில் கொடுத்தார்கள். யார் எதைத் திறந்தாலும் பதிவாகும்படி உள்ளே ஏற்பாடு. ஒரு ஃபைலையும் தொடாமல் இரண்டு நிமிடத்தில் சரியாகிற கோளாறுதான். 6 கடைகளில் சொந்த ஃபைல்களைத் திறந்து பார்த்தார்கள், 2 கடைகளில் வெளியே காப்பியும் எடுத்தார்கள். பெண்ணுடையது போல் அமைத்த லேப்டாப்புகளில்தான் நோட்டம் அதிகம். சிலர் பார்த்த தடயத்தையும் துடைத்திருந்தார்கள். அதற்கு முன் பேட்டரி மாற்றணும் என்று கேட்டுப் போனபோது ஒரே ஒரு கடை தவிர எல்லாரும் பாஸ்வேர்டு கேட்டார்களாம். பேட்டரிக்கு! நீங்கள் சொன்ன அந்த ஒட்டுத் தாள் கீழக்கரைப் பழக்கம் மட்டுமில்லை என்று தெரிகிறது.

2008இல் ஹாங்காங்கில் ஒரு நடிகர் ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து படங்கள் வெளியாகி அந்த ஊர் சினிமா உலகமே ஆடிப்போனது. அவரும் படங்களை அழித்துவிட்டுத்தான் கொடுத்தாராம். காப்பி எடுத்தவர் மறு வருடம் சிறைக்குப் போனார். படங்கள் போனது போனதுதான்.

இங்கே சட்டம் இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, 66. அனுமதியில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு அடுத்தவர் கம்ப்யூட்டரிலிருந்து காப்பி எடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒட்டுத் தாளில் பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்த பிறகு "அனுமதியில்லாமல்" என்று வாதாடுவது எவ்வளவு கஷ்டம் என்று வக்கீல்தான் சொல்லணும். படம் ஏதும் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். பணம் போயிருந்தால் 1930க்குப் போன், உடனே.

3 டிசம்பர்

கீழக்கரைத் தங்கச்சியிடமிருந்து சேதி. டிவியில் போட்டு எல்லாவற்றையும் காப்பி எடுத்தாயிற்று. டிஸ்கைக் கழற்றப் போனால் அடிமூடித் திருகு அசையவில்லையாம். மூன்று திருகின் தலை மழுங்கிவிட்டது.

உப்பு. வேறென்ன. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் நம்புவதில்லை. கடலிலிருந்து நானூறு மீட்டர் தள்ளி, ஜன்னலைச் சாத்தி, அலமாரிக்குள் வைத்த லேப்டாப்பிலும் யுஎஸ்பி வாய்க்குள் பச்சை பூக்கும். உப்புத்தூள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் செம்பு அரிக்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் உலோகம் எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள் என்றால் எங்கள் காற்றின் தரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அடிக்கடி லேப்டாப்பை ரிப்பேருக்கு அனுப்புகிறவர்கள். சென்னையில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வருகிற இந்தக் கவலை எங்களுக்கு வருடா வருடம்.

மழுங்கிய திருகுக்கு: சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டித் தலை மேல் வைத்து, அதன் மேல் ஸ்குரூடிரைவரை அழுத்தித் திருப்புங்கள். பாதி நேரம் வந்துவிடும். அதற்கு முன் முழுதாக ஷட்டவுன் செய்து, சார்ஜரை உருவி, மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றணும். எஸ்எஸ்டி சூயிங்கம் பட்டை அளவில் இருக்கும், ஒரே ஒரு குட்டித் திருகு. அந்தத் திருகை செல்லோடேப்பில் ஒட்டி வையுங்கள். தரையில் விழுந்தால் எறும்புதான் கண்டுபிடிக்கணும். வாரண்டி இருந்தால் மூடியைத் திறக்கும் முன் சீல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் டிஸ்க் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கும், இப்போதைய மேக்புக் அப்படித்தான். அதற்கு இந்த வைத்தியம் ஆகாது.

16 டிசம்பர்

வந்துவிட்டது. தங்கச்சியின் லேப்டாப்பில் டிஸ்க் இல்லாததைப் பார்த்து மதுரையிலிருந்து போன் போட்டு "உள்ளே ஒன்றும் இல்லையே, யாரோ திருடிவிட்டார்களா" என்று பதறினார்களாம். பாவம், நேர்மையான ஆள்தான். அவருடைய டிஸ்கை வைத்துச் சோதித்து அனுப்பியிருக்கிறார். இவர்கள் வீட்டில் எஸ்எஸ்டியை மருதாணி டப்பாவில் வைத்திருந்தார்களாம். பஞ்சு சுற்றித்தான். இருந்தாலும் அடுத்த முறை கடையில் அந்த வெள்ளி நிற உறை கேட்டு வாங்குங்கள், நிலை மின்சாரம் தாக்காது.

9 பிப்ரவரி 2025

ஊருக்கு உபதேசம் செய்தவனுக்கு இப்போது முறை வந்திருக்கிறது. என் லேப்டாப் சார்ஜ் ஏறுவது நின்று நின்று வருகிறது. சார்ஜர் செருகும் இடத்தில் அதே பச்சை.

என் விஷயத்தில் என் படங்கள் பிரச்சினை இல்லை. தொந்தியும் வழுக்கையும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். நான் வைத்திருப்பது ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஊரே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஒரு பிரிண்ட் போடுங்க" என்றவர்களின் ஆதார், பான், சாதிச் சான்றிதழ். படகுப் பதிவு, டீசல் மானியத் தாள்கள். வளைகுடா வேலைக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட். இலங்கை நேவி பிடித்துப் போனவர்களுக்காகக் கலெக்டருக்கு எழுதிய மனுக்கள். அவற்றில் குடும்பத்தின் போன் நம்பர், வீட்டு நிலைமை, கையிருப்பு, கடன் எல்லாம் வரிவரியாக இருக்கும், ஏனென்றால் அப்படி எழுதினால்தான் மனு நிற்கும் என்று எழுதச் சொன்னதே நான்தான். அவர்களில் ஒருவர்கூட என் லேப்டாப் மதுரைக்குப் போகலாம் என்று யோசித்துக் கொடுக்கவில்லை.

டிஸ்கைக் கழற்றலாம். ஆனால் அதற்கும் முந்திய வேலை ஒன்று இருக்கிறது, நவம்பரிலேயே சொல்லியிருக்கணும். லேப்டாப் செத்த பிறகு எதையும் அழிக்க முடியாது, எதையும் பூட்ட முடியாது. உயிரோடு இருக்கும்போதே டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கணும். விண்டோஸ் பாஸ்வேர்டை நம்ப வேண்டாம். அது வாசல் கதவு மட்டும். டிஸ்கைக் கழற்றி முந்நூறு ரூபாய் யுஎஸ்பி பெட்டியில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகினால் பின் நம்பரும் கேட்காது ஒன்றும் கேட்காது, எல்லாம் திறந்துகொள்ளும். மறையாக்கம் செய்த டிஸ்க் அப்படித் திறக்காது.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் டிவைஸ் என்கிரிப்ஷன். என்னுடையதைப் பார்த்தேன். ஏற்கெனவே ஆன். 2023இல் வாங்கும்போதே ஆன் ஆகி வந்திருக்கிறது. நான் ஒன்றும் செய்யாமலே உத்தமன்.

9 பிப்ரவரி, மறுபடி

சொல்ல மறந்தது. மறையாக்கம் செய்துவிட்டு பின் நம்பரை ஒட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் எல்லாம் வீண். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் அதே பின் நம்பர் போட்டால் காட்டிவிடும். பேங்க், ஜிமெயில், எல்லாம்.

வைரஸ், விண்டோஸ் கோளாறு என்று உள்ளே நுழைந்தே ஆகவேண்டிய வேலை என்றால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். மெக்கானிக்குக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

7 ஏப்ரல் 2025

நேற்று ராமநவமி, பாம்பன் புதுப் பாலம் திறந்தாயிற்று. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து மண்டபத்தோடு ரயில் திரும்பிக்கொண்டிருந்தது. தீவுக்காரனுக்கு ரயில் சத்தம் இல்லாத இரண்டு வருடத்துக்கு மேல் என்பது என்னவென்று சொல்லிப் புரியாது. பழைய பாலம் 1914இல் கட்டியது, இந்த உப்புக் காற்றில் 108 வருடம் ரயிலைத் தாங்கியது. என் லேப்டாப் இரண்டு வருடம்.

ரயில் வந்த சந்தோஷத்தில் லேப்டாப்பையும் கையோடு மதுரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதாக முடிவு. 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் நிவாரண விண்ணப்பத்துக்குக் கடையில் கூட்டம் அலைமோதும், அதற்குள் வந்துவிடணும். டிஸ்கைக் கழற்றவில்லை. அதுதான் பூட்டியிருக்கிறதே.

19 ஏப்ரல்

வந்தது. சார்ஜர் வாயில் தொடங்கிய அரிப்பு உள்ளே வரை போயிருந்ததால் மதர்போர்டையே மாற்றினார்களாம். பின் நம்பர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் போனது.

கடையில் வைத்து ஆன் செய்தேன். நீலத் திரை. 48 இலக்க ரெக்கவரி கீ, அதாவது டிஸ்கின் மாற்றுச் சாவி, கொடு என்கிறது. சரி, என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் என்று போனில் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் பக்கம். வெளியே தடைக்கால விண்ணப்பத்துக்குப் பதினைந்து பேர் நிற்கிறார்கள்.

அரை மணி கழித்துதான் மூளை வேலை செய்தது. லேப்டாப்பை விற்ற கடையில் "எல்லாம் ரெடி பண்ணித் தரேன் சார்" என்று ஒரு பையன் விண்டோஸைத் தயார் செய்து கொடுத்தான். எந்த இமெயிலைப் போட்டு? கடை இமெயிலை. நான் பின் நம்பரை மட்டும் மாற்றிக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். பூட்டு என் வீட்டில், சாவி கடைக்காரர் வீட்டில். பிப்ரவரியில் உத்தமன் என்று எழுதினேனே, அதைப் படித்துவிட்டு யாராவது சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கைக் கழற்றி வைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

20 ஏப்ரல்

மேலே கடைசி வரி தப்பு. கழற்றி வைத்திருந்தாலும் வந்திருக்கும். டிஸ்கைத் திறக்கிற சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சில்லில் இருக்கிறது. போர்டு மாறினால் சில்லு மாறும், புதுச் சில்லுக்கு என் டிஸ்கைத் தெரியாது. கழற்றி வைத்த டிஸ்கை நானே திரும்ப மாட்டியிருந்தாலும் அதே நீலத் திரைதான்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். அந்தப் பையன் வேலையை விட்டுச் சிங்கப்பூர் போய்விட்டானாம். முதலாளி தேடி எடுத்தார். அந்த ஒரே கணக்கில் எத்தனை லேப்டாப்புகளின் கீ இருக்கிறது தெரியுமா? "கீழே போய்க்கிட்டே இருக்குங்க" என்றார். அவர் கடையில் வாங்கிய எல்லாருடைய சாவிக்கொத்தும் அங்கே. என் திரையில் காட்டிய ஐடியின் முதல் எட்டு எழுத்தைச் சொன்னேன், அதை வைத்துத் தேடிப் பிடித்தார். போனில் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன், ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டம். ஒரு கட்டத்தில் தப்பாக அடித்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறது. ஏன் என்று அப்புறம் தெரிந்தது: ஒவ்வொரு கட்டமும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும் எண். வகுபடாவிட்டால் தப்பு என்று அதற்கு உடனே தெரிந்துவிடும்.

திறந்தது. அடுத்தது, பழைய பின் நம்பர் செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டு கொடு என்றது. மறுபடி போன். "கடைப் பெயர், அப்புறம் 123 போடுங்க" என்றார்.

கடைப் பெயரும் 123ம். அவர் கடையில் வாங்கிய அத்தனை லேப்டாப்பின் சாவியும் அதற்குப் பின்னால்.

அவரிடம் கோபப்பட முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஈஸ்டர் அன்று, ஒரு மணி நேரம் எனக்காக உட்கார்ந்தார். என் கணக்குக்கு மாற்றினேன். டிவைஸ் என்கிரிப்ஷனை ஒரு முறை அணைத்து, மறையாக்கம் முழுதாக நீங்கும் வரை காத்திருந்து, மறுபடி போட்டேன். அப்போதுதான் புதுக் கீ உருவாகும், பழையது செல்லாக்காசாகும். அந்தப் புது 48 இலக்கத்தையும் தாளில் எழுதி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாயிற்று. கணக்கில் மட்டும் இருந்தால், அந்தக் கணக்கை மறந்தால்?

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் என்கிரிப்ஷனை அணைத்துவிடுங்கள் என்று சில சர்வீஸ் சென்டர்களில் சொல்வார்கள், இந்த நீலத் திரை வரக்கூடாது என்பதற்காக. டிஸ்க் உங்கள் வீட்டில் இருக்கிறதென்றால் அணையுங்கள். டிஸ்கும் கூடவே போகிறதென்றால் அணைக்காதீர்கள், கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

22 ஏப்ரல்

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் பேக்கப் எடுத்திருப்பீர்களே, அந்த டிஸ்க் என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். அலமாரியில் இருக்கிறது. பூட்டாமல். முன் கதவுக்கு மூன்று பூட்டு, பின்கதவு ஆஆவென்று. இன்றே வெராகிரிப்ட் என்ற மறையாக்க நிரலைப் போட்டுப் பூட்டிவிட்டேன். இலவசம். விண்டோஸ் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு வெளி டிஸ்கைப் பூட்ட அதுதான் நல்ல வழி. பாஸ்வேர்டு மறந்தால் அதற்கு ரெக்கவரியும் கிடையாது கடைக்காரரும் கிடையாது, நினைவிருக்கட்டும்.

16 ஜூன் 2025

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன. கடையில் ஈ ஓட்டுகிறேன். உட்கார்ந்து டவுன்லோட்ஸைக் கழுவினேன்.

இ-ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டு போட்டுத்தானே வருகிறது, பயமில்லை என்று நினைத்திருந்தேன். அந்தப் பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, பிறந்த வருடம். நான் ஃபோல்டருக்கு வைத்திருந்த பெயர் என்ன? ஆளின் பெயர், பிறந்த தேதி. சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டது போல. பிரிண்ட் போட மட்டும் வருபவர்களிடம் இப்போதெல்லாம் மறைக்கப்பட்ட ஆதார் கேட்கிறேன், முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நாலு மட்டும் தெரிவது. பாதி அலுவலகங்களில் அதை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்புகிறார்கள், அது தனிக் கதை.

இப்போது வழக்கம் இதுதான்: வேலை முடிந்த அன்று மாலையே அழித்துவிடுவது. மனு நிலுவையில் இருப்பவர்களுடையதை மட்டும் பென்டிரைவில், அதுவும் பூட்டிய டப்பாவுக்குள். ஒரு அக்கா மறுநாள் வந்து "நேத்து அனுப்பினதை இன்னொரு பிரிண்ட் போடு தம்பி" என்றார். அழித்துவிட்டேன் என்றதும் "அதுக்குள்ளயா? வச்சிருந்தா என்ன, நீ என்ன திருடவா போற" என்று கோபம். ராமநாதபுரத்துக் கடை ஞாபகம் வந்தது. வாய் திறக்கவில்லை, திரும்ப அனுப்பச் சொன்னேன்.

17 ஜூன்

லேப்டாப் திடீரென்று மொத்தமாகச் செத்துப்போனால், அதில் லாகின் ஆகியிருக்கும் வாட்ஸ்அப்பை என்ன செய்வது என்று நேற்று ஒரு கேள்வி. போனிலிருந்தே செய்யலாம். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் போய் அந்த லேப்டாப்பைத் தட்டி வெளியேற்றுங்கள். கூகுள் கணக்கில் உங்கள் சாதனங்கள் என்ற பட்டியலிலும் அதே. பேங்க் பாஸ்வேர்டை மாற்றுங்கள். செத்த மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்க மாடு உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

15 அக்டோபர் 2025

நேற்றோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. இரண்டு வாரமாக ஆளாளுக்குப் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். விற்கலாமா, மாற்றிப் புதிது வாங்கலாமா என்று. கீழக்கரைத் தங்கச்சியும் எழுதியிருக்கிறார், வீட்டுக்காரரின் பழைய லேப்டாப் ஒன்று கிடக்கிறதாம். ரிப்பேருக்குக் கொடுப்பதுகூடத் திரும்பி வரும். விற்றது வராது.

சுழலும் டிஸ்க் என்றால் முழு டிஸ்கின் மேலும் ஒரு முறை சுழியத்தை எழுதினால் போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்று பயமுறுத்துவது பழைய காலத்துக் கதை. எஸ்எஸ்டியில் மேலே மேலே எழுதுவதை நம்ப முடியாது. தேய்மானத்தைச் சமமாக்க அது எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டே இருக்கும், சில மூலைகள் தப்பிவிடும். அதற்கென்று உள்ள செக்யூர் இரேஸ் கட்டளை சில லேப்டாப்களில் பயாஸிலேயே, அதாவது விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையிலேயே, இருக்கிறது. அல்லது முதல் நாளிலிருந்தே மறையாக்கம் செய்திருந்தால் ஃபார்மட் செய்து கொடுத்துவிடலாம், சாவி போனபின் மிச்சம் குப்பைதான். எதுவும் புரியவில்லை என்றால் டிஸ்க் இல்லாமல் விற்றுவிடுங்கள். ஐந்நூறு, ஆயிரம் குறையும்.

வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்றும் எழுதியிருந்தார். "சும்மா கொடுத்துத் தொலை, அதில் என்ன இருக்கு" என்றாராம். அப்புறம் அரை மணி கழித்து அவரே துபாயிலிருந்து போன் போட்டு, "டிஸ்கை மட்டும் எடுத்து வை" என்றாராம். இவர் ஏன் என்று கேட்கவில்லையாம். நானும் கேட்கவில்லை.

2 நவம்பர் 2025

ஒரு சின்ன விபத்து. ரேஷன் கார்டு உறைக்குள் வைத்த அந்த 48 இலக்கத் தாளின் பின்பக்கம் வீட்டில் பால் கணக்கு எழுதியிருக்கிறார்கள். வெறும் தாள் என்று நினைத்து. பால் பாத்திரம் பட்டு ஆறாவது கட்டத்தில் ஒரு இலக்கம் கரைந்துவிட்டது. 3ஆ, 8ஆ தெரியவில்லை. கணக்கைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடம். ஆனால் அக்டோபரில் பால்காரர் எத்தனை நாள் வரவில்லை என்ற சண்டையை விட்டு எழுந்து போகவும் முடியவில்லை. அதே பென்சிலால் அதே தாளில் இரண்டையும் 11ஆல் வகுத்துப் பார்த்தேன்.

3தான். பால்காரர் நாலு நாள் வரவில்லை.